வழியாத பால்

திருச்சுழி மளிகைக்கடை காசிராஜன் கட்டிய புது வீட்டில் 1971 தை மாதம் பால் காய்ச்சியபோது, பொங்கி எழுந்த பால் பானையின் விளிம்புக்கு மேலே ஒரு சாண் உயரம் போய், ஒரு சொட்டும் கீழே வழியாமல், அப்படியே நின்றுவிட்டது. அந்த வருஷம் கொத்தமல்லி விலை இறங்கியிருந்தது, பருத்தி பரவாயில்லை, குண்டாற்றில் மார்கழிக்கு முன்பே தண்ணீர் நின்றுபோயிருந்தது. பால் நின்றதையும் ஊர் இவற்றோடு சேர்த்தே பேசியது. அருப்புக்கோட்டையிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கியவர்கள்கூட, தாலுகா ஆபீசில் வேலை முடித்த கையோடு ஒரு எட்டு வந்து அடுப்படி ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, அடுத்த பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று போனார்கள்.

அந்த வீடே காசிராஜனின் மருமகள் சௌந்தரத்துக்காகக் கட்டியதுதான். மல்லாங்கிணற்றிலிருந்து அவள் வாழ வந்தபோது குடும்பம் கடைக்குப் பின்னால் சரக்குக் கிட்டங்கியோடு ஒட்டிய இரண்டு அறைகளில் இருந்தது. ஜன்னல் என்று பேருக்கு ஒன்று, அதையும் வத்தல் மூட்டை அடைத்துக்கொண்டிருக்கும். பருத்திமாரையும் சீமைக்கருவேல் விறகையும் வைத்து எரித்தால் புகை வெளியே போக வழி தெரியாமல் சுற்றிச் சுற்றி அவள் நெஞ்சுக்குள்தான் போய் உட்காரும். இரண்டாம் வருஷமே இருமல் பிடித்துக்கொண்டது. அருப்புக்கோட்டை டாக்டர் மார்பில் குழாய் வைத்துப் பார்த்துவிட்டு, புகையில் இன்னும் நாள் தள்ளினால் இந்தப் பெண் தாங்காது என்று முகத்துக்கு நேரே சொன்னார். சௌந்தரம் அழவில்லை, அலட்டிக்கொள்ளவும் இல்லை. புருஷன் பொன்ராஜிடம், புகையில்லாத அடுப்படி ஒன்று வேண்டும், இல்லையென்றால் மல்லாங்கிணற்றுக்கு பஸ் ஏற்றிவிடு என்று ஒரே பிடியாக நின்றாள். பொன்ராஜ் பாவம், யார் எது சொன்னாலும் "சரி" என்கிற பிறவி. கல்லாவில் உட்கார்ந்திருந்த காசிராஜன்தான் சுவர் வழியாகக் கேட்டுவிட்டு, மறுநாளே மனை பார்க்கக் கிளம்பினார்.

காசிராஜனைக் கஞ்சன் என்று பஜாரில் சொல்வார்கள். அது முழு உண்மை இல்லை. செலவு செய்யத் தயங்குகிறவர் இல்லை அவர், சிந்துவதைத்தான் பொறுக்கமாட்டார். எண்ணெய் அளந்த உழக்கைத் தகர டின்னின் மேல் கவிழ்த்து வைத்து, கடைசிச் சொட்டு இறங்கும்வரை அடுத்த ஆளுக்குச் சாமான் கொடுக்கமாட்டார். எறும்பு தூக்கிக்கொண்டு போகிற சீனியை வழிமறித்து வாங்குகிறார் என்று எதிர்க்கடைக்காரர்கள் கேலி பேசுவார்கள். சிந்தாமல், சிதறாமல் சேர்த்ததால்தான் வீடு எழும்பியது என்பது அவருடைய கணக்கு. அந்த வீட்டுக்குள் தாலுகாவிலேயே யாரும் கண்டிராத கேஸ் அடுப்பை வாங்கி வைத்தவரும் அவரேதான். எதிரே டீக்கடை போட்டிருந்த சின்ன மீரான் சின்ன வயசில் கொழும்பு ஹோட்டலில் வேலை பார்த்தவர். அவர்தான் மதுரைக்குப் போய், சொல்லி வைத்து, இரட்டை அடுப்பையும் சிலிண்டரையும் லோடு லாரியில் ஏற்றி வந்தார். அடுப்பின் திருகை எப்படித் திறப்பது, எப்படிக் குறைப்பது, எந்தப் பக்கம் திருப்பினால் அணையும் என்று சௌந்தரத்துக்குச் சொல்லிக் கொடுத்தார். முதல்முறை தீக்குச்சியைக் காட்டியதும் புப்பென்று நீலமாக ஒரு பூ விரிந்தது. புகை இல்லை, கரி இல்லை. சௌந்தரம் அதன் முன்னால் நின்று நெஞ்சு நிறைய மூச்சை இழுத்துப் பார்த்தாள். இருமல் வரவில்லை. "இது போதும்ணே எனக்கு" என்றாள்.

பால் காய்ச்சுகிற அன்று பரளச்சியிலிருந்து காசிராஜனின் அக்கா சந்தனம்மாள் வந்திருந்தார். குலவை போடுவதில் அந்த வட்டாரத்தில் அவரை அடிக்க ஆள் கிடையாது. புது வெண்கலப் பானையில் பால் ஊற்றி, சௌந்தரம் அடுப்பைப் பற்ற வைத்தாள். பால் பொங்கிக் கிழக்கே வழிய வேண்டும், வழிந்தால்தான் வீட்டில் குடியேறலாம், அதுதான் வழக்கம். பால் நுரை கட்டியது, சுருண்டது, விளிம்புக்கு வந்தது. சந்தனம்மாள் குலவையை எடுத்தார். அந்த நேரம் பார்த்து, யாரும் எதிர்பாராதபடி, காசிராஜனின் கை நீண்டு திருகைக் குறைத்துவிட்டது. வேண்டுமென்று செய்யவில்லை. நாற்பது வருஷம் கடையில் எதையும் சிந்த விடாத கை, பால் வழியப் போவதைக் கண்டதும் அவரைக் கேட்காமலே போய்விட்டது. தீ சுருங்கியது. பால் மேலே எழுந்த இடத்தில் எழுந்தபடியே நின்றது. "அடப்பாவி, என்னலே காரியம் பண்ணிட்ட!" என்று சந்தனம்மாளால் சொல்லவும் முடியவில்லை, பால் வழிகிறவரை குலவையை நிறுத்தக் கூடாது. அவர் பொழுது உச்சிக்கு ஏறும்வரை குலவை போட்டார். தொண்டை கட்டிப்போன அவரைப் பரளச்சி பஸ்ஸில் ஏற்றி அனுப்பிய பிறகும் குலவை மட்டும் அடுப்படியிலேயே தங்கி, சாயங்காலம்வரை சுற்றிவிட்டு ஜன்னல் வழியாகப் போனது.

காசிராஜன் அன்று சோறு தண்ணி தொடவில்லை. அவருக்குள் பழைய ஆறாத புண் ஒன்று இருந்தது. கல்யாணமான புதிதில் அவரும் மனைவி தங்கம்மாளும் அருப்புக்கோட்டையில் வாடகை வீடு பிடித்தபோது, காய்ச்சிய பால் திரிந்துபோனது. மழை தூறிக்கொண்டிருந்தது, வண்டியில் சாமான் நனைந்துகொண்டிருந்தது, பரவாயில்லை என்று குடிபோய்விட்டார்கள். அந்த வருஷமே பொன்ராஜைப் பெற்றுப் போட்டுவிட்டு தங்கம்மாள் கண்ணை மூடினாள். காசிராஜன் மறுகல்யாணம் செய்துகொள்ளவில்லை. பால் வழியாத வீட்டில் இன்னொரு பெண்ணைக் குடிவைத்துப் பலி கொடுக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டார். அடுப்பை அணைத்தால் பால் அமுங்கிவிடும், அமுங்கினால் வீடே அவ்வளவுதான். எரியட்டும், என்றைக்காவது வழியும், வழிந்த பிறகு போவோம் என்று முடிவு சொன்னார். குடும்பம் மறுபடி கிட்டங்கிக்குத் திரும்பியது. பருத்திமாரும் புகையும் சௌந்தரத்துக்காகக் காத்திருந்தன.

சௌந்தரம் விடுகிற ஆள் இல்லை. தினமும் காலையில் கிட்டங்கியில் இருமிக்கொண்டே சமையலை முடித்துவிட்டு, புது வீட்டுக்குப் போய் அடுப்பின் முன்னால் நிற்பாள். "உன்னை இன்னைக்கு வழிய வைக்கிறேனா இல்லையா பாரு" என்று பாலைப் பார்த்துச் சொல்லிவிட்டுத் திருகைப் பிடிப்பாள். முதல் நாள் முழுசாகக் கூட்டினாள். தீ பானையின் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எரிந்தது. பால் அசையவில்லை. ஆனால் தெருவில் ஒரே கூச்சல். சின்ன மீரான் தோளில் கிடந்த துண்டு விழுந்தது தெரியாமல் ஓடி வந்தார்.

"தங்கச்சி, நீ இங்க என்ன பண்ணுன? கடையில பால் பூரா பொங்கி ஊத்துது. நான் இன்னும் அடுப்பே மூட்டலையே!"

அவர் கடையில் மட்டும் இல்லை. அந்தத் தெருவில் எந்தப் பாத்திரத்தில் பால் இருந்ததோ, எல்லாம் பொங்கி வழிந்திருந்தது. அடுப்பில் இருந்தது, உறியில் இருந்தது, ஒரு வீட்டில் பிள்ளைக்குப் புகட்ட வைத்திருந்த சங்கில் இருந்ததுகூடப் பொங்கிவிட்டது. எல்லாம் கிழக்குப் பார்த்தே வழிந்தது என்பதை மும்தாஜ் பேகம், மீரானின் மனைவி, வாசல்தோறும் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்னாள். சௌந்தரம் திருகைக் குறைத்தாள். தெரு அடங்கியது. அவள் வீட்டுப் பால் மட்டும் கல்லுப் பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தது.

அதிலிருந்து திருகோடு அவளுக்கு ஒரு பழக்கம் உண்டானது. முழுசாகக் கூட்டினால் தெரு முழுக்கப் பொங்கும். பாதிக்கு இறக்கினால் அண்டை வீட்டு மாடுகளுக்கு மடி சுரக்கும். அதற்கும் கீழே, ஒரு நெல்லளவு, அரை நெல்லளவு என்று நகர்த்தி, நீல நாக்கின் நுனியில் மஞ்சள் எட்டிப் பார்க்காதபடி பிடித்துக்கொண்டால், மனதில் நினைத்த ஒரு வீட்டில் மட்டும் பொங்க வைக்கலாம். ஊர் சும்மா இருக்குமா? புது வீடு கட்டியவர்கள் வெற்றிலை பாக்கோடு வந்து, "நாளைக்குக் காலையில ஆறு மணிக்குப் பால் காய்ச்சுறோம் தாயி, கொஞ்சம் கூட்டி வையி" என்று சொல்லிவிட்டுப் போகத் தொடங்கினார்கள். பரளச்சியிலிருந்து ஆள் வந்தது, மல்லாங்கிணற்றிலிருந்து அவள் பிறந்த வீட்டார் வழியாகவே ஆள் வந்தது. ஒருத்தர் வீட்டிலும் பால் பொங்காமல் போகவில்லை. தாலுகாவில் அந்த நாலு வருஷம் குடியேறிய எல்லா வீட்டுக்கும் பால் வழிய வைத்தவள் சௌந்தரம்தான். தன் வீட்டுக்குள் காலை நீட்டிப் படுக்க முடியாமல் கிட்டங்கியில் புகையைக் குடித்தவளும் அவளேதான். இதில் யாருக்காவது உறுத்தல் இருந்ததா என்றால், வெற்றிலை பாக்கு வைத்ததோடு சரி.

சிலிண்டர் தீரவே இல்லை. தூக்கிப் பார்த்தால் வந்த நாளில் இருந்த கனம்தான். மதுரையிலிருந்து விசாரிக்க வந்த ஆள் ஆட்டிப் பார்த்தார், தட்டிப் பார்த்தார், டீ குடித்துவிட்டுப் போனார். காசிராஜன் தினமும் கடை திறக்குமுன் வந்து, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு பாலின் முன்னால் நிற்பார். "வழிஞ்சிரு தாயே, என் கை பண்ணுன தப்புக்கு என் மருமகள வதைக்காத" என்பார். ஒருநாள் சௌந்தரம் வெளியே நின்று இதைக் கேட்டுவிட்டாள். அதுவரைக்கும் அவர்மேல் மண்டிக் கிடந்த கோபம் பாதியாகக் குறைந்தது. மீதிப் பாதியை அவள் பத்திரமாக வைத்துக்கொண்டாள். அது இல்லையென்றால் தினமும் திருகைப் பிடிக்கத் தெம்பு இருக்காது.

எழுபத்துநாலில் வானம் ஏமாற்றியது. மானாவாரிக் காடு மொத்தமும் காய்ந்தது, மாடுகளைக் கிடைத்த விலைக்கு ஓட்டிவிட்டார்கள், காய்ச்சப் பால் இல்லாமல் அரிசிமாவைக் கரைத்து அடுப்பில் வைத்தார்கள். சௌந்தரம் திருகைப் பிடித்தால் அதுவும் பொங்கியது. அவளுடைய இருமல்தான் வேறு மாதிரி ஆகிவிட்டது. இரண்டு குடம் தண்ணீர் தூக்கினால் உட்கார வேண்டியிருந்தது. அடுத்த மாசியில் ஒரு காலை, முந்தானையில் வாயைத் துடைத்தவள் சிவப்பாக எதையோ பார்த்தாள். பொன்ராஜும் பார்த்துவிட்டான். பிறந்ததிலிருந்து "சரி" மட்டுமே சொன்னவன், "இது சரியில்ல சௌந்தரம்" என்றான். என்ன செய்ய வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு நேரே கடைக்குப் போனாள். நாலு பேர் சாமான் வாங்க நின்றார்கள். அவர்கள் இருக்கட்டும் என்றே சொன்னாள்.

"மாமா, இன்னைக்கு நான் அந்த அடுப்ப அணைக்கப் போறேன்."

காசிராஜன் கையிலிருந்த படி நழுவி, துவரம்பருப்பு கல்லாவெல்லாம் சிதறியது. அவர் குனிந்து பார்க்கக்கூட இல்லை. "அணைச்சா அமுங்கிரும் தாயி. அமுங்குன வீட்டுல உன்னக் கொண்டுபோயி வைக்க என்னால முடியாது. ஒருத்தியக் கொண்டுபோயி வச்சதே போதும்."

"அத்தை பாலு திரிஞ்சதால சாகல மாமா. ஒழுகுற வீட்டுல, ஈரத்துல, ஆத்தர அவசரத்துக்கு மருத்துவச்சி வந்து சேராம செத்தாக. எங்கிட்ட நீங்களே சொல்லியிருக்கீக. நான் வழியாத பாலப் பாத்துக்கிட்டே புகையில சாகணுமா? எனக்கு வாழணும்."

இதைச் சொல்லிவிட்டு நடந்தவளுக்குப் பின்னால் பாதித் தெரு நடந்தது. மருமகள்மேல் இருந்த பிரியத்தில் இல்லை. அடுத்த வாரம் பால் காய்ச்ச இருந்தவர்கள் இரண்டு பேர், சித்திரை பிறந்தால் குடிபோகலாம் என்று சுவர் எழுப்பிக்கொண்டிருந்தவர்கள் மூன்று பேர், மிச்சம் வேடிக்கை. அவசரப்படாதே என்றார்கள், ஊருக்கு ஆகிவந்த அடுப்பு என்றார்கள், இன்னும் ஒரு வருஷம் பொறு என்று ஒரு புண்ணியவான் சொன்னார். சௌந்தரம் அடுப்படி வாசலில் திரும்பி நின்றாள்.

"ஊருக்கெல்லாம் நாலு வருஷம் பொங்க வச்சாச்சு. இனிமே அவுகவுக வீட்டுப் பாலுக்கு அவுகவுக தீ மூட்டிக்கங்க. எனக்கு இன்னைக்கு உலை வைக்கணும். வழிய விடுங்க."

நல்ல உச்சிவெயில். அடுப்படியில் நீலத் தீ எரிந்துகொண்டிருந்தது. நாலு வருஷமாகக் கூட்டியும் குறைத்தும் நெல்லளவு நெல்லளவாக அவள் அறிந்த திருகு அது. அந்தக் கடைசிப் பக்கம் மட்டும் ஒருநாளும் திருப்பியதில்லை. திருப்பினாள். தீ உள்ளே இழுத்துக்கொண்டு போய்விட்டது. ஜன்னலில் ஒட்டிக்கொண்டிருந்த முகங்கள் எல்லாம் மூச்சைப் பிடித்துக்கொண்டன. பால் அமுங்கவில்லை. வழியவும் இல்லை. தீ இருந்தபோது எப்படி நின்றதோ அப்படியே, விளிம்புக்கு மேல் ஒரு சாண், நுரை கலையாமல் நின்றது. நாலு வருஷம் அதைத் தாங்கிக்கொண்டிருந்தது தீ இல்லை என்று அப்போதுதான் எல்லாருக்கும் தெரிந்தது. "யா அல்லா" என்று சின்ன மீரான் தலையில் கைவைத்துத் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

சௌந்தரத்துக்கு ஆத்திரமும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. இதற்காகவா இத்தனை நாள்! இரண்டு பக்கமும் பழந்துணியைப் பிடித்துக்கொண்டு பானையைத் தூக்கினாள். மும்தாஜ் பேகம் ஓடி வந்து ஒரு பக்கம் பிடித்தாள். இரண்டு பேருமாக அதைச் சுவர் அலமாரியில் வைத்தார்கள். பால் ஆடவில்லை. பிறகு சௌந்தரம் அடுப்பைத் துடைத்தாள், அரிசியைக் களைந்தாள், தீக்குச்சி கிழித்துப் பற்ற வைத்து உலைப்பானையை ஏற்றினாள். அவ்வளவுதான், கொதி வந்தது. தீயைக் குறைத்துக் கஞ்சியை வடித்தாள். பக்கத்து அடுப்பில் வத்தக்குழம்பு வைத்தாள், அப்பளம் சுட்டாள். ஜன்னலில் இருந்தவர்களுக்குப் பசிக்கத் தொடங்கியதால் ஒவ்வொருத்தராகக் கலைந்தார்கள். சமைத்து முடிக்கும்வரை அவள் ஒருதடவைகூட இருமவில்லை. அது அவளுக்கு அப்பளம் சுட்ட வாசனையோடு சேர்ந்துதான் உறைத்தது. சுவரில் சாய்ந்துகொண்டு, யாரும் பார்க்காத அந்த நேரத்தில், வாய்விட்டு அழுதாள்.

காசிராஜன் வாசலில் நின்றுகொண்டிருந்தார். கடையை அப்படியே போட்டுவிட்டு வந்திருந்தார், பருப்புகூடப் பொறுக்கவில்லை. உள்ளே வரக் கால் வரவில்லை. கண்ணெல்லாம் அலமாரிப் பானைமேல் இருந்தது.

"மாமா, இலை போட்டாச்சு. வாங்க."

"பாலு இன்னும் வழியலையே தாயி."

"அது வழியாட்டிப் போகுது. சோறு வெந்திருச்சுல்ல?"

அவர் நிலைப்படியில் கையை ஊன்றிக்கொண்டு, வலது காலை எடுத்து உள்ளே வைத்தார். இலையின் முன் உட்கார்ந்து முதல் கவளத்தை எடுத்தவர், "தங்கம்மா, மன்னிச்சிரு" என்று யாருக்கும் கேட்காத குரலில் சொன்னார். சௌந்தரத்துக்குக் கேட்டது. கேட்காத மாதிரி குழம்பை ஊற்றினாள். அன்றைக்கு ராத்திரி குடும்பம் அந்த வீட்டில்தான் படுத்தது. பொன்ராஜ் குறட்டை விட்டான்.

அதற்குப் பிறகு சொல்லப் பெரிதாக ஒன்றும் இல்லை. சிலிண்டர் எல்லா வீட்டுச் சிலிண்டரையும் போலத் தீர்ந்தது. அடுத்தது வரும்வரை மண்ணெண்ணெய் ஸ்டவ்வோடு மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. ஊரில் அவரவர் பாலை அவரவர் காய்ச்சினார்கள். சிலர் வீட்டில் வழிந்தது, சிலர் வீட்டில் அடிபிடித்தது, எல்லாரும் குடியேறினார்கள். சௌந்தரத்தின் இருமல் ஒரேயடியாகப் போய்விடவில்லை, மாசம் மாசமாக இளைத்து, எழுபத்தாறில் ஒரு தும்மலளவுக்கு வந்து நின்றது. அந்த வருஷம் பெண் பிறந்தது, தங்கம்மாள் என்று பேர் வைத்தார்கள். பிரசவத்துக்கு ஒரு மாதம் இருக்கும்போதே காசிராஜன் அருப்புக்கோட்டை ஆஸ்பத்திரிக்கு எதிரே ரூம் பிடித்து, மருமகளைக் கொண்டுபோய் உட்கார வைத்துவிட்டார். நுரை மேல்தட்டில் இடித்ததால் பானை இருந்த அலமாரியில் ஒரு பலகையைக் கழற்றி, பால் தாராளமாக நிற்கும்படி செய்தார்கள். வெள்ளிக்கிழமை வீட்டைத் துடைக்கும்போது சௌந்தரம் பானையையும் ஒரு துடை துடைப்பாள், மேலே படாமல்.

எழுபத்தெட்டில் பேத்திக்குக் காது குத்தினார்கள். அடுப்படி கொள்ளாமல் சொந்தபந்தம். சந்தனம்மாள் கட்டின தொண்டை தெளிந்து குலவை போட்டார். விருதுநகரிலிருந்து முதல்முறையாக வந்திருந்த சம்பந்தி வழி ஆள் ஒருத்தர் பந்திக்குப் போகிற வழியில் அலமாரியைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார். பின்னால் வந்தவர்கள் எல்லாம் அவர் முதுகில் முட்டிக்கொண்டார்கள்.

"அண்ணாச்சி, இதென்ன பாலு, இப்படி நிக்குது?"

காசிராஜன் பரிமாறுகிற வாளியோடு வந்துகொண்டிருந்தார். பானையை ஒரு பார்வை பார்த்தார்.

"அது பொங்கிக்கிட்டு இருக்கு. நீங்க போயி இலையில உக்காருங்க, சோறு ஆறுது" என்றார்.

எல்லாரும் போய் உட்கார்ந்தார்கள்.